ஒரே நாள், எட்டுக் கொலை

கேள்வி: 'டெத்லூப்' வீடியோ கேமுக்குப் பெரிய விமர்சகர்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள். சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் வாங்கலாம் என்றால், விளையாடிய நண்பர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், தேக்கா, சிங்கப்பூர்

பதில்: இரு தரப்பையும்! 2021 செப்டம்பரில் பிரான்சின் ஆர்கேன் லியோன் நிறுவனம் கொண்டுவந்த கேம் இது. ஐஜிஎன், கேம்ஸ்பாட் தளங்கள் இரண்டும் முழு மதிப்பெண் தந்தன. கதை நடக்கும் பிளாக்ரீஃப் தீவின் அறுபதுகள் பாணி அழகுக்கு அது தகும்.

ஆனால் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே நாளுக்குள் எட்டுப் பேரைத் தீர்த்துக்கட்ட வேண்டும்; தவறினால் மறுபடி அதே காலை. யாரை, எந்த வேளையில், எங்கே மடக்குவது என்பதுதான் புதிர். மூளையைக் கசக்கி நாமே கண்டுபிடிக்க வேண்டாமா? தேர்வு எழுத வந்தவனிடம் விடைத்தாளை நீட்டுவதுபோல, கடைசித் திட்டத்தைக் கேமே வகுத்துக் கொடுத்துவிடுகிறது. காவலர்களும் மந்தம். கூட நிற்பவன் சுருண்டு விழுந்தாலும் சற்று நேரம் தேடிவிட்டு, பழைய இடத்துக்கே போய் நிற்கிறார்கள்.

கேமைக் காப்பாற்றுபவள் எதிரி ஜூலியானா. நாயகன் கோல்ட்டைப் போலவே அவளுக்கும், நாள் திரும்பத் தொடங்கினாலும், எல்லாம் நினைவிருக்கிறது. இணையம் வழியாக, முகம் தெரியாத ஒருவர் அவளாக நுழைந்து உங்களை வேட்டையாடலாம். அதே ஆண்டு வந்த 'மாநாடு' படத்தில், வில்லன் எஸ்.ஜே.சூர்யாவும் காலச் சுழலுக்குள் சிக்கிய பிறகுதானே ஆட்டம் சூடுபிடித்தது!

புதிருக்காக வாங்காதீர்கள். ஜூலியானாவுக்காக, தள்ளுபடி விலையில் வாங்குங்கள்.