அதான்

காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பியவனை எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே மறித்து, "மீன் செத்துப் போச்சாமே சார்?" என்றார். துக்கம் விசாரிக்கிறார் என்று நம்பி நின்றேன்.

"தண்ணி மாத்துனீங்களா?"

"மாத்தினேன்."

"அதான்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன வாரம் முதல் மீன் செத்தபோதும் இதே மனுஷர், இதே கேள்வி. அன்றைக்கு, "இன்னும் மாத்தல சார்" என்றேன். அதற்கும் "அதான்!"

கள்ளிக்குப்பத்தில் இருந்துகொண்டு மீன் வளர்க்காமல் இருப்பது கஷ்டம். வண்டியை எடுத்தால் புழல் தாண்டி கொளத்தூர். சென்னைக்கே வண்ணமீன் சந்தை அதுதான். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் மூன்று கருப்பு மோலி வாங்கிவந்தேன். புதுமீனை இரண்டு வாரமாவது தனியாக ஒரு பக்கெட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விடவேண்டும். தெரியும். விட்டுவிட்டேன். நாலாம் நாள் மோலியின் மேல் வெள்ளை ரவையைத் தூவியதுபோலப் புள்ளிகள். அரிப்பு தாங்காமல் கூழாங்கல்லில் போய் உரசிக்கொள்கிறது, மாடு மரத்தில் முதுகு தேய்ப்பதுபோல. வெள்ளைப்புள்ளி நோய். கடையில் 'இக்' என்பார்கள். முழுப்பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ், மோலியைவிட நீளம்.

இதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்த 'அதான்' பற்றி இரண்டு வார்த்தை.

இதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். வேண்டாம். சளி பிடித்திருக்கிறதா? மோர் குடித்தாயா? குடித்தேன். அதான், குளிர்ச்சி. குடிக்கவில்லையா? அதான், உடம்புச் சூடு. பையன் கணக்கில் 38 மார்க். டியூஷன் போனானா? போனான். அதான், சொந்தமா படிக்கிற பழக்கமே போச்சு. போகலையா? அதான். மிக்ஸி புகைகிறது. தண்ணி ஊத்தி அரைச்சீங்களா? ஊற்றினாலும் அதான், ஊற்றாவிட்டாலும் அதான். தெருவில் முழங்கால் தண்ணீர். ரோட்டை உசத்திப் போட்டாங்களா? அதான், வீடெல்லாம் பள்ளமாயிடுச்சு. உசத்தலையா? அதான், ரோடே பள்ளம். என் பாட்டி 91 வயதில் போனபோது வந்த ஒருவர், "வாக்கிங் போவாங்களா?" என்றார். நாலு வருஷமாகப் படுக்கை என்றோம். மாலையைப் போட்டுவிட்டு, "அதான்" என்றார். 91 வயது!

நான் மட்டும் யோக்கியமா? மருந்து வாங்கப் போன கடையில், பக்கத்தில் நின்றவர் தன் ஏஞ்சல் மீன் செத்த கதையைச் சொன்னார். "ஹீட்டர் போட்டீங்களா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அவர் பதில் சொல்வதற்குள் பாதி 'அதான்' வெளியே வந்துவிட்டது.

சரி, மருந்து. கடைத்தம்பி நீல மருந்து கொடுத்தான். புள்ளியாகத் தெரிகிறதே, அந்தப் பூச்சி மீனின் தோலுக்குள் இருக்கிறது. அங்கே மருந்து எட்டாது. அது கொழுத்து, கீழே விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் குட்டி போடும். குட்டிகள் மீனைத் தேடி நீந்தும் ஓரிரண்டு நாளில்தான் மருந்திடம் மாட்டும். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம். குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். புள்ளி மறைந்ததும் நோய் போனதென்று மருந்தை நிறுத்தினேன். காய்ச்சல் மாத்திரையையே ரெண்டு நாளில் நிறுத்துகிற பரம்பரை. அதோடு நின்றேனா? வெறி வந்து தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகக் கசக்கினேன். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றும் நல்ல பாக்டீரியா எல்லாம் அந்த அழுக்கில்தான் குடியிருந்ததாம். எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

அம்மா, "கல்லுப்பு போடுடா, திருஷ்டி" என்றாள். சிரித்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் இந்த நோய்க்கு உப்பும் ஒரு மருந்துதானாம். வீட்டில் எல்லோரும் சரி, என்னைத் தவிர. எனக்கு மிச்சம், பத்து விரலிலும் நீலம். கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன்போல ஆபீசில் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரே ஒரு மோலி பாக்கி. ஹீட்டர் போட்டு, சூட்டை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, மறுபடியும் எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று எழுத வந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஏர் பம்ப் நின்றுவிட்டது. வெந்நீரில் ஆக்சிஜன் வேறு குறைவு. டம்ளரில் மொண்டு, டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே டார்ச் வெளிச்சம்.

"சார், ஹீட்டர் போட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.