கும்பெனி வளர்த்த கள்ளி

1786 டிசம்பரில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மதராஸில் புல்லைக் குனிந்து பார்த்தார். புல்லில் பூச்சி இருந்தது. நீங்களும் நானும் தட்டிவிட்டுப் போயிருப்போம். டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கும்பெனி மருத்துவர்களில் பெரிய தலை, அதற்கும் மேலே தோட்டப் பைத்தியம். பூச்சியில் அவருக்குச் சிவப்பு தெரிந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தக் காலத்தில் சிவப்பு என்றால் பணம். வெள்ளைக்கார ஆபீசர்களின் கோட்டுக்கு ஏறிய ரத்தச் சிவப்பு, கோச்சினீல் என்ற மெக்சிகோ பூச்சியைக் காயவைத்து அரைத்த பொடி. (சாதா சிப்பாய்க்கு அந்தப் பவுசு கிடையாது, வேரில் எடுத்த மங்கல் சிவப்பே போதும் என்று விட்டிருந்தார்கள்.) ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் உயிரைக் கொடுக்க வேண்டும். பூச்சியும் அது உட்காரும் நோபால் கள்ளியும் ஸ்பெயின்காரன் கையில். வெளியே விட்டால்தானே? 1777-இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஒஹாகா வரைக்கும் போய், பூச்சியைக் கள்ளியோடு சேர்த்துக் கடத்திக்கொண்டு வந்தார். மூன்று வருஷத்தில் ஆள் போய்ச் சேர்ந்தார்.

இத்தனைக்கும் ஆண்டர்சன் குடியிருந்தது எந்தக் கரையில்? சோழமண்டலக் கரையில். சாயவேரைத் தோண்டி, துணியில் சிவப்பேற்றி, ஐரோப்பாவையே கிறங்க வைத்த கரையில். கம்பளிக்கும் பட்டுக்கும் கோச்சினீல்தான் வேண்டும் என்பது நியாயமான பதில்தான். அதற்கும் வடக்கே அரக்குச் சாயம் இருந்தது. ஆனால் உள்ளூர்ச் சரக்கு எந்தக் காலத்தில் டாக்டர்களின் கண்ணுக்குப் பட்டிருக்கிறது?

பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று லண்டனில் இருந்த தாவரவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் போனது. பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பேங்க்ஸ் படித்தாரோ இல்லையோ, மதராஸ் படிக்கட்டும் என்று 1788-இல் ஆண்டர்சன் அவற்றை அச்சடித்தே வெளியிட்டுவிட்டார். சாம்பிளைப் பார்த்த லண்டன் சாயக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். புல்லுப்பூச்சி புல்லுக்கே லாயக்கு. அசல் மெக்சிகோ பூச்சி வேண்டும் என்று பதில் வந்தது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு ஸ்டெதாஸ்கோப்பைத் தேடிப் போயிருப்பார். அது அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை என்பதாலோ என்னவோ, ஆண்டர்சன் கள்ளியைத் தேடிப் போனார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து நோபால் கள்ளி கப்பல் ஏறி வந்தது. சைதாப்பேட்டையில் கும்பெனி செலவில் ‘நோபால்ரி’ என்று ஒரு கள்ளித் தோட்டமே உருவானது. மேற்பார்வைக்கு மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. கள்ளி தளதளவென்று வளர்ந்தது. உட்காரப் பூச்சிதான் இல்லை. பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதை.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. நாங்கள் இருப்பது ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில். பி.எச்.இ.எல். ஆலை ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளிப் பட்டான்செருவில், 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சிப் பண்ணை. சோளத்துக்கும் துவரைக்கும் நிலக்கடலைக்கும் வம்சாவளியோடு ஜாதகம் வைத்திருக்கிறார்கள் அங்கே. அந்த மதில் ஓரமாகவே ஆட்டோவில் செடி விற்றுக்கொண்டு ஒருவர் போவார். ‘என்ன ரகம்?’ என்று கேட்டால் ‘கேரண்டி ரகம் சார்’ என்பார். அடுக்குச் செம்பருத்தி என்று வாங்கியது ஒற்றை இதழாகப் பூத்தது. குள்ள ரக முருங்கை என்று வாங்கியது மாடி வீட்டுக்காரரின் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. அவர் ஜன்னலிலிருந்தே காய் பறிக்கிறார். அரசாங்கம் மட்டும் என்னவாம்? ஹைதராபாத் சாலைகளில் சீக்கிரம் பச்சை காட்ட வேண்டும் என்று கோனோகார்பஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். வேர் குழாயைத் தேடிப் போகிறது, மகரந்தம் மூக்கைத் தேடிப் போகிறது என்று புகார் கிளம்பிய பிறகு, இனி நடாதீர்கள் என்று அரசே சொன்னது. வேகமாக வளரும் என்று சொன்னது என்னவோ பொய்யில்லை.

சைதாப்பேட்டைக்குத் திரும்புவோம். பூச்சி வரும்வரை கள்ளியை என்ன செய்வது? பெர்ரிக்கு ஒரு யோசனை உதித்தது. கப்பல்காரர்களுக்குக் கறிகாய் கிடைக்காமல் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கிப் பல் விழுகிறதே, நோபாலைத் தின்னக் கொடுத்தால்? கள்ளி கப்பலில் வெகுநாள் வாடாது. ஆக, கோட்டுக்குச் சாயம் போட வந்த செடி மாலுமிக்குப் பொரியலானது. இந்தத் தோட்டத்தில் உருப்படியாக நடந்த காரியம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

1795-இல் கேப்டன் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவுக்கு வரும் வழியில் கப்பல் ரியோ டி ஜெனீரோவில் நின்றது. இறங்கி நடந்தவரின் கண்ணில், வெள்ளைப் பஞ்சு அப்பிய கள்ளி பட்டது. நசுக்கினால் சிவப்பு. அடித்தது யோகம் என்று செடியோடு கப்பலேற்றிக்கொண்டார். வழியில் செத்தவை போக மிஞ்சியவை கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ராக்ஸ்பர்க் கைக்கு வந்து சேர்ந்தன. மதராஸிலும் ஒரே குதூகலம். அமெரிக்கக் கோச்சினீல் இந்துஸ்தானத்துக்கு வந்த வரலாறு என்று ஆண்டர்சன் அதே வருஷம் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். பூச்சியை விட வேகமாக இவர் பெருகினார்.

வந்ததோ வேறு பூச்சி. அசல் கோச்சினீல், மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கிய சாதி. உடம்பு பெரிது, மேலே மாவு பூசினாற்போல் இருக்கும், சாயம் தாராளம். ரியோவிலிருந்து வந்தது காட்டுச் சாதி. உடம்பு சிறிது, பஞ்சு அதிகம், சாயம் கொசுறு. அதற்கு வாய் ருசியும் தனி. கியூவிலிருந்து ராஜ மரியாதையோடு வந்த கள்ளியை விட்டுவிட்டு, ஊரெல்லாம் வேலியில் சும்மா கிடந்த ஒரு சப்பாத்திக் கள்ளியில்தான் குடும்பம் பெருக்கியது. சேகரித்து அனுப்பிய சாயத்துக்கு லண்டனில் மட்டமான சரக்கு என்ற பெயர்தான் கிடைத்தது.

ஆண்டர்சன் அதற்குள் மல்பெரி, பட்டுப்புழு என்று அடுத்த கனவில் இருந்தார், அதுவும் கரையேறவில்லை. 1800-இல் நோபால்ரியை மூடி, செடிகளை பெங்களூரு லால்பாகுக்கு அனுப்பினார்கள். 1809-இல் அவர் காலமானார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது. செதுக்கியவர் அந்தக் காலத்துப் பெரிய சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. தோற்ற தோட்டக்காரனுக்கு இப்படியொரு சிலை கிடைக்குமானால் என் முருங்கையை நான் வெட்டுவதாக இல்லை.

ரியோவிலிருந்து வந்த பூச்சி சும்மா இருக்கவில்லை. வங்காளத்தில் வேலிக் கள்ளியை உறிஞ்சி உறிஞ்சி, அந்த வகையே காணாமல் போகிற அளவுக்கு வேலை பார்த்தது. அதற்குள் தென்னாட்டில் கள்ளி காடாகப் பரவியிருந்தது. வயலுக்கும் போக முடியவில்லை, மேய்ச்சலுக்கும் போக முடியவில்லை. யாரோ ஒரு புத்திசாலிக்குப் பொறி தட்டியது. சாயத்துக்கு ஆகாத பூச்சி, கொலைக்கு ஆகுமே! 1836 முதல் 1838 வரை அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். 1865-க்குச் சற்று முன்பு இலங்கைக்கும் போனது. ஒரு களையை ஒழிக்க வேண்டுமென்றே பூச்சியை ஏவியது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று உயிரியல் கட்டுப்பாட்டுப் பாடநூல்கள் எழுதுகின்றன. கும்பெனி கணக்கில் நஷ்டம். பாடநூலில் முதல் பக்கம்.

அது ஒரு வகைக் கள்ளியைத்தான் தீர்த்தது. மற்ற சப்பாத்திகள், ‘பக்கத்து வீட்டுக்காரன் ஒழிந்தான்’ என்று இன்னும் பரவின. அவற்றுக்காக 1926-இல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்தில் வேறொரு பூச்சியை இறக்க வேண்டியிருந்தது. அது சில வருஷங்களில் காடு காடாகத் தின்று தீர்த்தது.

இவ்வளவு பட்ட பிறகு கள்ளி என்றாலே காத தூரம் ஓடுவோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இப்போது மத்திய அரசின் நீர்வடிப்பகுதித் திட்டத்தில், வறண்ட நிலத்துக்கு ஏற்ற தீவனம் என்று முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளியை நடச் சொல்கிறார்கள். நல்ல செடிதான், மறுக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் கலிபோர்னியாவில் லூதர் பர்பேங்க் என்ற செடி வளர்ப்பாளர் இதையேதான் பாலைவனத்தைச் சோலையாக்கும் அதிசயம் என்று மடல் மடலாக விற்றார். வாங்கியவர்கள் நட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது: முள் இல்லாததால் ஆடும் மாடும் முயலும் வளரவே விடுவதில்லை, சுற்றிலும் வேலி போட வேண்டும். நம் பக்கத்தில் வேலிக்கு எந்தச் செடி தோதானது என்று பெரியவர்களைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வார்கள்: முள்ளுள்ள சப்பாத்திக் கள்ளி.