பேர் வெட்டிய டம்ளர்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் "தம்பி எந்த ஊரு, யாரு மவன்?" என்று பக்கத்து இலைக்காரரின் பூர்வீகத்தைக் கிளறும் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு யூனிக்ஸ் கற்றுக்கொடுத்து ஆபீஸில் உட்கார வைத்தால் எங்கள் சீனியர். உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார்.

"சார், புது வெர்ஷன் போட்டாச்சு" என்று போய் நின்றால், "யார் சொன்னா?" என்பார்.

"நான்தான் சார் போட்டேன்."

"நீ சொல்றே. ஃபைல் என்ன சொல்லுது?"

பிறகு இரண்டே விரலால் தட்டிக்கொண்டே 'வாட்' என்று முனகுவார். சேர்ந்த புதிதில் என்னைத்தான் கேட்கிறாரென்று "ஒண்ணுமில்லை சார்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அது கட்டளையின் பெயர். ஃபைலில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று குறித்து வைக்க 1972-இல் பெல் லேப்ஸில் மார்க் ரோச்கைண்ட் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ். குடும்பத்துப் பிள்ளை. @(#) என்ற நாலு குறியும் தற்செயலாக ஒன்றுசேர்ந்து வராது என்பது கணக்கு. ஃபைல் முழுக்க அதைத் தேடி, அதற்குப் பின்னால் எழுதியிருப்பதை 'வாட்' அப்படியே ஒப்பிக்கும். கம்பைல் ஆகி, மனுஷர் படிக்க முடியாத பைனரி ஆன பிறகும் அந்த வரி உள்ளே கிடக்கும்.

"எவர்சில்வர் டம்ளர்ல பேர் வெட்டறோமில்ல, அது மாதிரி" என்பார்.

அதே வேலைக்கு 1982-இல் வால்டர் டிச்சியின் ஆர்.சி.எஸ். வந்தது. அதில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ரிவிஷன் எண், தேதி, கடைசியாகக் கைவைத்தவர் பேர் எல்லாம் தானாக உட்கார்ந்துகொள்ளும். 'ஐடென்ட்' என்ற கட்டளை அதை வெளியே இழுத்துப் போடும். அந்தப் பேர் நம்முடையதாகிவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. இரண்டும் கைவிட்டால் 'ஸ்ட்ரிங்ஸ்' போட்டு, ஃபைலில் படிக்கக்கூடிய எழுத்தையெல்லாம் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்குவார்.

"இப்ப அந்த வேலைக்கெல்லாம் கிட் (Git) வந்தாச்சு, அதுல கமிட் நம்பரே இருக்கே சார்!" என்பார்கள் இளசுகள்.

"அது உன் ரிப்பாசிட்டரியில இருக்கு. கஸ்டமர் மெஷின்ல ஓடற ஃபைல்ல இருக்கா?"

இளசுகள் டீ குடிக்கக் கிளம்பிவிடும்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி குடித்து முடித்ததும், அவரோடு பழகிய தோஷம், டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பேர். 1994 என்று வருஷம் வேறு. அவரும் பார்த்துவிட்டார்.

"யாருது இது?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"பக்கத்து வீட்டுது. நம்மளுது அங்க இருக்கு. மாறி இருபது வருஷம் ஆச்சு. இப்பதான் கண்ணுல பட்டுதாக்கும்?" என்றார் அவர் மனைவி.

சீனியர் வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய ஃபைலைக் காப்பி பண்ணிட்டு மேல் வரியை மாத்தாம விட்டா இப்படித்தான்" என்றார், மெதுவாக.

மறுநாள் புது வெர்ஷனோடு போய் நின்றேன். 'வாட்' தட்டினார். சரியான எண்ணே வந்தது. நான் நிம்மதியாகத் திரும்பினேன்.

"நில்லு" என்றார். "பேர் சரியாத்தான் வெட்டியிருக்கு. காபி ஊத்திக் காட்டு."