வந்ததும் கூப்பிடறேன்

அபிராமபுரத்து மாமா மாமிகளுக்குக் கலிபோர்னியா ரொம்பப் பக்கம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தால் ஆறு மாதத்துக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை அனுப்பிவைக்கும் சடங்கு ஐந்து நிமிடத்தில் முடியும். சாயம் போன புடவை ஒன்று, டப்பாவில் மிச்சமிருக்கும் ரவை, கூடவே ஓர் உத்தரவு: “வந்ததும் கூப்பிடறேன். வேற வீட்டுல நிரந்தரமா ஒத்துக்காதே.”

சம்பளம் கிடையாது. ஆனால் ஆள் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது!

போய் இறங்கிய வாரமே மகனுக்கு வேலை போகிறது என்று வையுங்கள். கிரீன் கார்டு இருந்தால் குடி முழுகாது. அங்கே ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுச் சம்பளத்தின் முதல் 7,000 டாலர் மீது முதலாளி வேலையின்மைக் காப்பீட்டு வரி கட்டுகிறார். ஆட்களை அதிகம் வெளியே அனுப்புகிற கம்பெனிக்கு வரி விகிதமும் ஏறும். அந்தப் பணத்திலிருந்து மகனுக்கு வாரம் 450 டாலர் வரை, 26 வாரம் வரை வரும். “கவர்மென்ட்டுன்னா இதுதாண்டா” என்று மாமாவுக்குக் கண் கலங்கும்.

26 வாரம் என்பது ஆறு மாதம். அதே ஆறு மாதம் கண்ணகி நகரில் அந்த வேலைக்கார அம்மாவின் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று மாமா கேட்கமாட்டார்.

நம்மிடம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு முதலாளி சம்பளத்தில் 4.75 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தார். பாவம், பாரம் தாங்கமாட்டார் என்று 2019-ல் 3.25 ஆக்கினார்கள். வேலை போன தொழிலாளிக்கு அதில் 2018-ல் ஒரு திட்டம் வந்தது: சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள், ஆயுளில் ஒரே தடவை. கொரோனா வந்து ஊரே முடங்கிய பிறகுதான் கால் அரையானது.

அந்தக் காலும் அரையும்கூட வீட்டு வேலைக்கு இல்லை. உங்கள் வீடு தொழிற்சாலையா, பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையா? தமிழக அரசு 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் வைத்தது. கல்யாணத்துக்கு உதவி உண்டு, சாவுக்கு உதவி உண்டு. இரண்டுக்கும் நடுவே வேலை போனால் பட்டினிதான்.

பயணக் காப்பீட்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டுகிறீர்களே மாமி, சட்டம் உங்களைக் கேட்காது, நான் கேட்கிறேன்: ஆறு மாதத்துக்கும் பாதிச் சம்பளத்தை அந்த அம்மாவின் கையில் எண்ணி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.