இன்னும் ஆரம்பம்தானே!

பேஸ்பால் ரசிகர்களுடைய ஆகமத்தில் ஏப்ரல் மாதத்துக்கென்று ஒரு தனி விதி உண்டு. தாங்கள் அபிமானிக்கும் அணி அந்த மாதத்தில் ஜயித்தால், அது அக்டோபரில் நடக்கவிருக்கும் பட்டாபிஷேகத்துக்குச் சுபசகுனம், தோற்றாலோ, "இன்னும் ஆரம்பம்தானே!" என்று சொல்லி, அந்தத் தோல்வியைக் கணக்கில் எழுதாமலே விட்டுவிடலாம். ஒரே மைதானம், ஒரே ஆட்டக்காரர்கள், ஒரே வாரம். ஆயினும் ஜயம் மட்டும் சாசுவதம், அபஜயம் மட்டும் மாயை என்று கொள்ளும் இந்தத் தத்துவத்தை ஸ்தாபித்த ஆசாரியர் எவரோ, அவருக்கு வாய்த்திருக்கும் சிஷ்யகோடிகளின் தொகையைப் பார்த்தால் சங்கரரும் ராமாநுஜரும்கூடச் சற்றே பொறாமைப்படுவார்கள்.

இந்த விதிக்கு ஆதாரமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. கிரிக்கெட்டில் ஐந்து நாள் ஆடி, முடிவில் வெற்றி தோல்வியின்றி இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டு வீடு திரும்பும் நாகரிகம் பேஸ்பாலுக்குத் தெரியாது. ஒன்பது இன்னிங்ஸ் ஆடியும் ரன்கள் சமமாக இருந்தால், பத்தாவது, பதினோராவது என்று, யாராவது ஒருவர் தோற்றே தீரும்வரை, நடுநிசியானாலும் ஆடவேண்டியதுதான். இப்படி வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரை, ஏறக்குறைய நாள்தோறும், மொத்தம் 162 ஆட்டங்கள். சாம்பியன் பட்டம் பெறும் அணியே ஒரு வருஷத்தில் அறுபது தடவைக்குக் குறையாமல் தோற்பது சகஜம். கடைசி ஸ்தானத்தில் கிடக்கும் அணியும் பெரும்பாலும் ஐம்பது தடவையாவது ஜயித்துவிடும். ஆகவே ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை தோற்றதற்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை என்பது நியாயமான பேச்சுத்தான்.

ஆனால் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவன் ரசிகனாக ஏன் இருக்கப்போகிறான்? அவன் கையில் திரைராசிகம் என்னும் ஆயுதம் இருக்கிறது. முதல் வாரத்தில் ஒருவன் மூன்று ஹோம் ரன் அடித்துவிட்டால், ஒரு வாரத்துக்கு 3 என்றால் இருபத்தாறு வாரத்துக்கு எத்தனை என்று அவன் உடனே கணக்குப் போட்டு, 78 என்று விடை கண்டு, அந்த ஆட்டக்காரனுக்குச் சிலையெடுப்பதற்கு மைதானத்தின் வாசலில் இடமும் பார்த்துவிடுவான். திரைராசிகம் அனுகூலமான விடை தராத நாட்களில்தான் 'இன்னும் ஆரம்பம்' என்னும் வேதாந்தம் வெளியே வரும். இவ்விரண்டையும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடிவைப்பதே ரசிகனின் சாமர்த்தியம்.

இந்த வேதாந்தம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பரீட்சித்துப் பார்த்த பெருமை 1988ஆம் வருஷத்துப் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியைச் சேர்ந்தது. நான் அப்போது அந்த ஊரில் உத்தியோக நிமித்தம் குடியிருந்தேன். பால்டிமோர், துறைமுகமும் நண்டும் பிரசித்தமான ஊர். ஒட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகளும், அவற்றின் வாசலில் வெள்ளைச் சலவைக்கல் படிகளும் அதன் அடையாளம். மாலை வேளையில் அந்தப் படிகளில் உட்கார்ந்து, ஜான் மில்லர் என்னும் வர்ணனையாளரின் சாரீரத்தை ரேடியோவில் கேட்பது அவ்வூராரின் சந்தியாவந்தனம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் அந்த ஊர்க்காரனாக வேண்டுமானால், குடியுரிமைப் பத்திரத்துக்கு மனுப்போடுவதைவிட இந்தப் படியில் உட்கார்ந்து பெருமூச்சு விடக் கற்றுக்கொள்வது சுலபமான வழி என்று எதிர்வீட்டுக் கிழவர் எனக்கு உபதேசித்தார். அவர் 1954இல், அதாவது ஓரியோல்ஸ் அணி செயின்ட் லூயிஸிலிருந்து அவ்வூருக்குக் குடிபெயர்ந்து வந்த வருஷத்திலிருந்தே, ஒவ்வோர் ஆட்டத்தையும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் குறித்துவைக்கும் விரதம் பூண்டவர்.

அந்த அணி ஒன்றும் அற்பசொற்பமானதல்ல. 1966, 1970, 1983 ஆகிய மூன்று வருஷங்களில் உலக சாம்பியன் பட்டம் வென்றது. 1987இல் 95 ஆட்டங்கள் தோற்றிருந்தது வாஸ்தவமே. ஆயினும் எட்டி மரே இருந்தார், பிரெட் லின் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ரிப்கன் குடும்பம் இருந்தது: தந்தை கால் ரிப்கன் மானேஜர், மூத்த குமாரர் இளைய கால் ரிப்கனும் தம்பி பில்லியும் மைதானத்தின் நடுவே அடுத்தடுத்த ஸ்தானங்களில் காவல். சகுடும்ப சமேதராக ஒரு அணி களமிறங்குவதைக் கண்டால், கூட்டுக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு எப்படிப் பாசம் பொங்காமல் இருக்கும்?

ஏப்ரல் 4ஆம் தேதி, மெமோரியல் ஸ்டேடியத்தில், மில்வாக்கி அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 12க்கு 0 என்று தோற்றார்கள். கிழவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இன்னும் ஆரம்பம்தானே!" என்றார். இரண்டாவது ஆட்டம், மூன்றாவது ஆட்டம் என்று தோல்வி தொடரத் தொடர, குளிரில் பந்து எறிகிறவனின் விரல் மரத்துப்போகும் என்றும், மட்டையில் பந்து பட்டால் உள்ளங்கையில் தேள் கொட்டினாற்போல் இருக்கும் என்றும், இதெல்லாம் மே மாதம் வந்தால் சரியாகிவிடும் என்றும் அவர் சாஸ்திரோக்தமாக விளக்கினார். எதிர்த்து ஆடுகிறவர்களும் அதே குளிரில்தானே ஆடுகிறார்கள் என்று கேட்க என் நாக்கு துடித்தது. வயதில் பெரியவர் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆறாவது தோல்வியோடு அணியின் நிர்வாகம் மூத்த ரிப்கனை வேலையிலிருந்து நீக்கியது. 162இல் ஆறு! நூற்றுக்கு நான்குகூட ஆகவில்லை. 1957 முதல் அந்த ஸ்தாபனத்துக்கே ஊழியம் செய்த மனிதர். 'இன்னும் ஆரம்பம்' என்னும் சித்தாந்தம் ரசிகர்களுக்கு மட்டுமே உரியது, முதலாளிகளுக்கு அதில் தீட்சை கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. தகப்பனாருக்குச் சீட்டைக் கிழித்த நிர்வாகத்துக்காகப் பிள்ளைகள் இருவரும் மறுபடியும் மட்டை பிடிக்க வேண்டிவந்த தர்மசங்கடத்தைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். பதவிக்கு வந்தவர் பிராங்க் ராபின்சன். 1966இல் மூன்று முக்கியக் கணக்குகளிலும் முதலிடம் பெற்ற மகா மட்டையாளர். பெரிய லீகில் மானேஜரான முதல் கறுப்பினத்தவர். அத்தகைய மகாபுருஷர் வந்த பிறகாவது கிரகம் விலகும் என்று ஊரே எதிர்பார்த்தது. கிரகம் அசையவில்லை, முன்னிலும் சௌகரியமாகச் சம்மணம் போட்டுக்கொண்டது.

சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்கள் தோற்றதுதான் அதுவரை சரித்திரம். 1904இல் வாஷிங்டனும் 1920இல் டெட்ராய்ட்டும் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தன. பதினான்காவது தோல்வியோடு அந்தச் சரித்திரம் எங்கள் வசமாயிற்று. அதன் பிறகு ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. அதுவரை துக்கம் விசாரிப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த தெருவார், திடீரென்று நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். தேசமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பாப் ரிவர்ஸ் என்னும் உள்ளூர் ரேடியோக்காரர், ஓரியோல்ஸ் ஜயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு எழுந்திருப்பதில்லை என்று பீஷ்ம சபதம் செய்து, ஈற்றில் 258 மணி நேரம் அந்த ஆசனத்திலேயே சிறைப்பட்டார். ஜனாதிபதி ரீகன் ராபின்சனை டெலிபோனில் அழைத்து, அவர் படும் பாடு தமக்குத் தெரியும் என்று ஆறுதல் சொன்னார். அது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்று ராபின்சன் பதிலளித்தார். ஒரு வல்லரசின் அதிபதியிடம் அப்படிச் சொல்வதற்குப் பாத்தியதை உள்ள மனிதர் அந்த வாரத்தில் உலகிலேயே அவர் ஒருவர்தான்.

என் மனைவிக்கு இந்த ஆட்டத்தின் இலக்கணம் ஒன்றும் தெரியாது. ஆனால் தினமும் ராத்திரி சாதம் பரிமாறும்போது, "இன்னிக்கு?" என்று ஒரு கேள்வி கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன், அவள் ரசம் ஊற்றுவாள். ஏறக்குறைய மூன்று வாரம் இந்த நாடகம் நடந்தபின் ஒரு நாள், "அவங்கதான் நேமம் தவறாம இருக்காங்களே, நீங்க எதுக்கு நாளுக்கு நாள் புதுசா வருத்தப்படறீங்க?" என்று கேட்டாள். வேதாந்த விசாரணையில் அவளுக்கு ஈடாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

இருபதாவது தோல்வியில் அமெரிக்கன் லீகின் பழைய சரித்திரத்தோடு சமம். இருபத்தொன்றில் அதையும் கடந்தாயிற்று. இனி எஞ்சியது ஒன்றே: 1961இல் பிலடெல்பியா அணி தொடர்ந்து 23 தோல்விகளைக் கண்டு, நவீன காலத்து உச்சத்தை நிறுவியிருந்தது. பக்கத்து ஊரான பிலடெல்பியாவிடம் எதிலும் இளைத்துப் போவதில்லை என்பது பால்டிமோர்க்காரர்களின் பரம்பரைக் கொள்கை. ஆகவே ஏப்ரல் 29ஆம் தேதி, சிகாகோவில் வைட் சாக்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தைக் கேட்கப் படியில் உட்கார்ந்தபோது, எங்கள் பிரார்த்தனை எந்தத் திசையில் போகிறது என்பது எங்களுக்கே நிச்சயமாக இல்லை. முதல் இன்னிங்ஸிலேயே எட்டி மரே ஹோம் ரன் அடித்தார். அப்புறம் ரன்கள் குவிந்தன. 9க்கு 0 என்று ஓரியோல்ஸ் ஜயித்தது! தெருவில் யாரோ கார் ஹாரனை அழுத்தியவாறே போனார்கள். கிழவர் கடைசிக் கட்டத்தையும் பூர்த்தி செய்து, பென்சில் முனையை ஊதிவிட்டு, "இருபத்துமூன்று எட்டும் தூரத்தில்தான் இருந்தது" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஆனந்தம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் பழையபடி தோற்றார்கள். 24 ஆட்டங்களில் ஒரு ஜயம், 23 தோல்விகள்: இந்த லட்சணத்தில் மே 2ஆம் தேதி ஊர் திரும்பிய அணியை வரவேற்க மெமோரியல் ஸ்டேடியத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 50,402 பேர்! நானும் என் மனைவியும் அதில் அடக்கம். இதைக் கேட்டு வெளியூரார் சிரித்தார்கள். அவர்களுக்குப் பூர்வ கதை தெரியாது. 1984 மார்ச்சில், பனி பெய்த ஓர் இரவில், அவ்வூரின் கோல்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியை அதன் சொந்தக்காரர், லாரிகளை வரவழைத்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு இண்டியானாபொலிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பொழுது விடிந்து பார்த்தால் அணி இல்லை. அப்படி ஒரு விடியலைக் கண்ட ஜனங்களுக்கு, இருபத்தொரு நாள் தோற்றாலும் இருபத்திரண்டாவது நாளும் ஊரிலேயே இருக்கிற அணி குலதெய்வத்துக்குச் சமானம். அன்றிரவு மைதானத்தில், மேரிலாண்ட் கவர்னர் ஷேஃபரின் முன்னிலையில், கட்டப்போகும் புதிய மைதானத்துக்கு அணி நீண்டகாலக் குத்தகை எழுதிக்கொடுக்கச் சம்மதித்த சேதியை அறிவித்தார்கள். அப்போது எழுந்த கோஷத்தின்முன் டெக்ஸஸ் அணியை 9க்கு 4 என்று ஜயித்தபோது எழுந்த கோஷம் ஒன்றுமேயில்லை. அந்தப் புதிய மைதானம்தான் 1992இல் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ்.

அந்த வருஷத்துக் கணக்கு 54 ஜயம், 107 தோல்வி என்று முடிந்தது. முதல் இருபத்தொன்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் 54க்கு 86. ஆகவே தொடக்கம் ஒன்றுதான் கெட்டது, மற்றதெல்லாம் க்ஷேமம் என்று கிழவர் வாதிட இடமில்லாமல் போயிற்று. அவர் வாதிடாமலும் இல்லை. மறு வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி, பாஸ்டன் அணியைப் பதினோராவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று ஜயித்தார்கள். ஒரே ஆட்டம்தான், திரைராசிகம் உடனே 162 என்று விடை சொல்லிற்று. அவ்வளவு கிட்டாவிட்டாலும் 87 கிட்டியது.

இத்தனை வருஷம் கழித்து, 2024இல், இருபத்தொரு தோல்விச் சரித்திரம் என்னும் எங்கள் சொத்துக்கு ஆபத்து வந்தது. அதுவும் யாரால்? எங்கள் தோல்வி விரதத்தை முடித்துவைத்த அதே வைட் சாக்ஸ் அணியால். ஜூலையில் தோற்கத் தொடங்கியவர்கள் ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் இருபத்தொன்றை எட்டி, அமெரிக்கன் லீக் சரித்திரத்தில் எங்களுக்குச் சமமாக வந்து நின்றுவிட்டார்கள். இன்னும் ஒன்று தோற்றால் எங்கள் பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும். ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு அவர்கள் ஓக்லாண்டில் ஆடினார்கள். அங்கே ஆட்டம் முடியும்போது எங்களுக்கு நடுநிசி. என் ஆயுளில் ஒருதரமும் வைட் சாக்ஸ் அணிக்காகக் கைதட்டாத நான், அன்றைக்குத் தூங்காமல் விழித்திருந்து, அவர்கள் எடுத்த ஒவ்வொரு ரன்னுக்கும் தட்டினேன். 5க்கு 1 என்று ஜயித்தார்கள். சத்தம் கேட்டு எழுந்துவந்த மனைவி, "நம்ம ஊர் ஜயிச்சுதா?" என்று கேட்டாள். இல்லை, சிகாகோ என்றேன். அவர்களுடைய இருபத்தொன்று சீசனின் மத்தியில் வந்தது, நம்முடையது முதல் நாளிலிருந்தே தொடங்கியது, ஆகவே சமம் என்று சொன்னாலும் நம்முடையதற்குத்தான் மதிப்பு ஜாஸ்தி என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே, அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.