மாப்ளைக்கு ஒரு மோதிரக்கண்ணி

இன்னா மாப்ள, திண்டிவனத்துல வூடு கட்டி முடிச்சிட்டியாமே! காம்பவுண்டு சுவத்துல காகிதப்பூக் கொடி ஏத்தியிருக்கியாம். அதுக்குப் பூர்வீகம் பிரேசில், பேரு ஒரு பிரெஞ்சுக் கப்பக்காரனோடது. பாண்டிச்சேரி பக்கமாச்சேன்னு மரியாதைக்கு வச்சியோ இன்னாவோ.

நம்ம கடலோரத்துக்காரி ஒருத்தி இருக்கா, மோதிரக்கண்ணின்னு ஒரு கொடி. மரக்காணத்துலருந்து பாண்டி போற வழியில, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர ஐயனார் கோயிலைச் சுத்தி ஒரு காடு நிக்குதே, அந்த மாதிரி வறண்ட பசுங்காடுதான் அவளுக்குப் பொறந்த வூடு. கிளை நுனிகிட்ட ரெண்டு ரெண்டா கொக்கி, கடாக்கொம்பாட்டம் சுருண்டு நிக்கும். பக்கத்துக் குச்சி அதுல மாட்டிச்சின்னா கொக்கி பருத்து, கட்டையாயி, புடிச்ச புடி வுடாது. அஞ்சு இதழுல மஞ்சப் பூ. பழம் செவப்பு.

உடனே மண்வெட்டியத் தூக்கிக்கினு கோயில் காட்டுக்குக் கெளம்பிடாத. உங்கப்பன் அங்க ஒரு சுள்ளி ஒடிக்கவே நடுங்குவாரு. நீ படிச்சவன், நடுங்க மாட்ட. அதான் எனக்கு பயம்.

செடிக்கு வேற வழி இருக்கு. 1968-ல ஆரோவில் ஆரம்பிச்சப்ப அந்தச் செம்மண் மேடு பொட்டலாக் கெடந்தது. எங்கிருந்தோ வந்தவங்க, நம்மூரு சனங்களையும் சேத்துக்கினு, நம்ம காட்டு மரத்தையே தேடி நட்டு வளத்தாங்க. நீயும் நானும் வேலிக்காத்தான் நெழல்ல குந்திக்கினு வேடிக்கை பாத்த கூட்டம். உள்ளூர் மாடு வெல போவாதுன்றது சும்மாவா? நாட்டுச் செடி வளக்கிற நாத்தங்கால் அந்தப் பக்கம் இருக்கு, அங்க போயி விசாரி.

ஐப்பசி மழை புடிக்கிறப்ப நடு. தண்ணி தேங்காத மேட்டு எடமா, நல்லா வெயில் படணும். ஏறிக்க ஒரு மரமோ கெட்டிக் கம்பியோ குடு. மொத கோடைக்கு மட்டும் தண்ணி காட்டு. வேர் புடிச்சிட்டா அவ உன்னைத் தேட மாட்டா. மெதுவாத்தான் வளருவா. ஞாயித்துக்கெழம பைப்பைப் புடிச்சிக்கினு போட்டோவுக்கு நிக்கிற சோலியெல்லாம் அவகிட்ட ஆவாது.

இன்னொண்ணு, வாசப்படியோரம் மட்டும் வச்சிடாத. கொக்கி வேட்டியப் புடிச்சிக்கும். விருந்தாளி மாட்டுனாப் பரவாயில்ல, காப்பி குடுத்து அனுப்பிடலாம். நீ வூட்டுக்கு வாங்கின கடனுக்கு வட்டி கேக்க வர்றவன் மாட்டிக்கினா, அவன எப்பிடிடா வெளிய அனுப்புவ?