அம்மாவின் புரொஃபைல்

செந்துறையில் உலக சினிமா தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. டீக்கடையில் ராய், ஓசு என்று பேசிப் பேசி நானே பரப்பிய பெயர்தான். அதைக் கெடுப்பதற்கென்றே வீட்டில் ஒரு டிவி இருக்கிறது. ஓடிடியைத் திறந்தால் முதல் வரிசை முழுக்க வடிவேலு. அடுத்தது பேய்ப்படம். அதற்கும் கீழே, பாதியில் விட்ட படங்கள்: 'பதேர் பாஞ்சாலி', 'டோக்கியோ ஸ்டோரி', பாலுமகேந்திராவின் 'வீடு'. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு நகத்தளவு ஓடி நின்றுவிடுகிறது.

"ஏம்ப்பா, எழுத்து போட்டு முடியறதுக்குள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றாள் மகள்.

"பாக்கணும்னு எடுத்து வச்சிருக்கேன்மா."

எடுத்து வைத்ததையெல்லாம் பார்த்த கணக்கில் சேர்த்துவிடுவது என் வழக்கம். அவற்றில் சிலவற்றைப் பற்றி டீக்கடையில் அபிப்பிராயமே சொல்லியாகிவிட்டது.

ஒரே ஆறுதல், இந்தக் கட்சியில் நான் தனியாள் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2017 வரை படங்களுக்கு நட்சத்திரம் போடச் சொன்னது. ஆவணப்படத்துக்கு ஐந்து, அசட்டுக் காமெடிக்கு மூன்று என்று போட்ட சனம், திரும்பத் திரும்பப் பார்த்ததென்னவோ காமெடியைத்தான். நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார்கள். அதே ஆண்டு இன்னொன்றையும் வெளியே சொன்னார்கள்: ஒரே படத்துக்கு ஆளுக்கொரு போஸ்டர் காட்டுகிறார்களாம். 'குட் வில் ஹன்டிங்' படத்துக்குக் காதல் பிரியர்களுக்கு முத்தக் காட்சி, காமெடி பிரியர்களுக்கு ராபின் வில்லியம்ஸ். எனக்கு எது வரும் என்று கேட்கவே வேண்டாம்.

என் முகப்பைத் திருத்த ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். மாடியில் முந்திரிக்கொட்டை காயப்போடப் போகும்போது கனமான ஐரோப்பியத் தொடர் ஒன்றை ஓடவிட்டுப் போவது. இறங்கி வந்தால், 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று திரை கேட்டுக்கொண்டு நிற்கும்.

சரி, நாமே வகை பிரிப்போம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். நெட்ஃபிளிக்ஸின் வகைகளை 2014-இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்தபோது 76,897 தேறியது. ஆட்களைப் படம் பார்க்க வைத்து, காதல் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, முடிவு தெளிவா மொட்டையா என்று மதிப்பெண் போடச் சொல்லித் திரட்டியது அது. படம் பார்க்கச் சம்பளம்! நான் 'சந்திரமுகி'யிலேயே மாட்டிக்கொண்டேன். பேய்ப்படம் என்றால் அதில் பேய் இல்லை. காமெடி என்றால் கடைசி அரைமணி நேரம் இடிக்கிறது. போகட்டும் என்று 'ரஜினி படம்' என ஒரு தலைப்புப் போட்டேன். பிறகு கமல், விஜயகாந்த், ராமராஜன். நோட்டு ரசிகர் மன்ற உறுப்பினர் பட்டியல்போல ஆனதும் மகள் அதைக் கணக்கு போடப் பிடுங்கிக்கொண்டாள்.

இந்த வகை பிரிக்கிற வேலையை என்னைவிட நன்றாகச் செய்தவர்கள் எண்பதுகளின் வீடியோ டெக்காரர்கள். காதுகுத்து, சடங்கு என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடியப் படம். முதலில் சாமி படம். பெரிசுகள் பாயில் சாய்ந்ததும் சண்டைப் படம். விடிகாலைக்கு, எவனும் கேட்காத ஒரு கேசட். யார் முழித்திருக்கிறார்கள் என்று டெக்காரர் கூட்டத்தை ஒரு நோட்டம் விடுவார். அவ்வளவுதான் அவருடைய வகைப்பாடு.

போன மாதம் அம்மா 'உதிரிப்பூக்கள்' கேட்டார். மகேந்திரன் 1979-இல் எடுத்தது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ஆங்கிலத்தில் விதவிதமாக அடித்துப் பார்த்தேன். என்னென்னவோ வந்தது, அது வரவில்லை. "அப்பாயி, நீங்களே சொல்லுங்க" என்று மகள் மைக்கை அமுக்கிக் கொடுத்தாள். அம்மா சொன்னார், வந்தது. அசையாமல் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். நான் எங்கே தூங்கினேன் என்று தெரியவில்லை.

அம்மாவுக்கென்று இப்போது தனிப் புரொஃபைல். வடிவேலு இல்லாத முகப்பு. பாலுமகேந்திரா, மகேந்திரன் என்று வரிசை கட்டுகிறது. விருந்தாளி வந்தால் நான் அதைத்தான் திறக்கிறேன்.